முதல் பூநாரை

முற்றத்தில் இளையதம்பியின் உடலை ஆம்பிளைகள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அறைக்குள் அவருடைய போன் அடித்தது. கண்ணகை எடுத்துப் பார்த்தாள். ஸஹீதா. நேற்று மாலை புருஷனின் மூச்சு நின்றதிலிருந்து ஓயாமல் அழுதவளுக்கு, அந்தப் பேரைக் கண்டதும் கண்ணீர் டக்கென்று நின்றுவிட்டது.

காத்தான்குடிக்காரி. சுனாமி அகதி முகாமில் அடுத்த கூடாரம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று முதன்முதலில் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததே கண்ணகைதான்! அங்கேதான் அவளுக்கும் இவருக்கும் வாவிக்கரையில் குந்தியிருந்து பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்தது. முகாம் கலைந்தும் அது கலையவில்லை. மாரி வந்தால் முதல் பூநாரையை யார் கண்டாலும் மற்றவருக்குப் போன் பண்ண வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அந்தப் போனில் சிரித்த சிரிப்பை இத்தனை வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டியிடம் ஒரு நாள் சிரித்திருப்பாரா மனுஷன்?

"கொக்குதானே, கொஞ்சம் நெட்டக் கொக்கு" என்று ஒருமுறை கண்ணகை சொல்லிவிட்டாள். அதோடு அவளிடம் பறவைப் பேச்சையே விட்டுவிட்டார். நானும் வாறன் என்று கேட்க அவளுக்கும் ரோசம் விடவில்லை.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டது, இனி வாவிக்கரையில் ஆமிக்குப் பயமில்லாமல் பார்க்கலாம் என்று இந்த மாரிக்குத்தான் பைனாகுலர் வாங்கினார். பூநாரைக்கு முந்தி நெஞ்சுவலி வந்துவிட்டது.

கண்ணகை போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, வந்திட்டு! பூநாரை வந்திட்டு! கெதியா வாங்க!"

"நான் கண்ணகை."

"ஆ, அக்காவா? அண்ணன் எங்க?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆட்டோ பிடித்து வந்து தலைமாட்டில் நின்று அழுவாள். இவரும் அவளுக்காகவே காத்திருந்தவர்போலக் கிடப்பார்.

"குளிக்கிறாரு," என்றாள். "நான் சொல்றன்."

"மறந்திராதீங்கக்கா. ஒரு நூறு இருக்கும் எண்டு சொல்லுங்க."

போனை நிறுத்தி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, பந்தலில் கிடத்தினார்கள். "வாகா, வாய்க்கரிசி போடு," என்று மச்சாள் சீதேவிப்பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கண்ணகை அரிசியை அவர் வாயில் இட்டாள். விலகாமல் இன்னும் குனிந்து காதோடு வாயை வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, பூநாரை வந்திட்டு. ஒரு நூறு இருக்கும்," என்றாள். "நான்தான் கண்டன்."

உதட்டில் நில்லாமல் இரண்டு அரிசி கன்னத்தில் வழுக்கியது. அதைப் பொறுக்கி மறுபடியும் வாயில் வைத்தாள்.