ஏறாத எண்

சுழல் இயந்திரத்திலிருந்து தம்பி இறங்கி அரை மணி கழித்து, விமானிப் பயிற்சி மையத்தின் மருத்துவரான அக்காவே அவனுக்கு ரத்தம் எடுத்தாள். அந்தச் சுழற்சியில் உடல் எடை ஏழு மடங்காக அழுத்தும்போது விமானிகளின் ரத்தத்தில் கார்ட்டிசால் ஹார்மோன் எகிறும். தம்பிக்கு, சுற்றுவதற்கு முன்பிருந்த அதே எண். மூன்று முறை சோதித்தாள், அசையவில்லை.

"பாத்தியாக்கா, துளிகூட பயப்படல! மத்தவனுங்க வெளுத்துப்போய் வந்தானுங்க."

"இது பய விஷயம் இல்லடா. அழுத்தத்தத் தாங்க அந்த ஹார்மோன் சுரக்கணும். உனக்குச் சுரக்கல."

"அதனால?"

எண்ணைக் கூட்டி எழுதினால் அவன் பறப்பான். பறந்தால், என்றாவது மேலேயே மயங்கிவிடுவான். 'பறக்கத் தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாளை நகர்த்தினாள்.

"விளையாடாதக்கா," என்று சிரித்தான்.

அவள் நிமிரவில்லை.