கண்ணீர் அளவு உப்பு

மகலனாபிஸ் என்ற வங்காள டாக்டரின் கதையை நான் உப்பளத்துப் பெண்களுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், அமுதவல்லியின் மகள் யாழினி இன்று தெருவில் ஓடித் திரிந்துகொண்டிருப்பாள். அந்த டாக்டர் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் என் வாய் மேல்.

நான் அந்தப் பகுதியின் கிராம சுகாதார நர்ஸ். ஜூலைக் கடைசியில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு உப்புக் குவியலின் ஓரம் உட்கார்ந்திருந்த பெண்களிடம், குழந்தைக்குப் பேதியானால் என்ன செய்வது என்று பேசப் போனேன். என் பையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றுகூட இல்லை. தீர்ந்து நாலு நாளாகியிருந்தது; போய் வாங்கிவரச் சோம்பல். வெறுங்கையோடு போன வெட்கத்தை மறைக்கத்தான் கதையை அவிழ்த்துவிட்டேன்.

எழுபத்தொன்றில் பங்களாதேஷ் போர். எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற மருந்து தீர்ந்துபோனது. மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து, கூட இருந்த தாய்மார்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு மூன்று நாலாகக் குறைந்தது.

"ராக்கெட்டு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் விட இதுதாம்மா பெரிய கண்டுபிடிப்பு. நீங்க வார்ற உப்புதான் அந்த மருந்து" என்றேன். எல்லா முகமும் மலர்ந்தது. எனக்கும் பாக்கெட் தீர்ந்துதானே இருக்கிறது, நானும் ஒரு மகலனாபிஸ்தான் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை என்று சரியாகத்தான் ஆரம்பித்தேன். அந்தக் கூட்டத்தில் மூத்தவளான விருத்தாம்பாள் இடைமறித்தாள்.

"உப்பு வார்றவளுக்கு உப்புல ஸ்பூன் கணக்கா நர்சம்மா? மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தர்றீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசில்லாமல், "சரி விடுங்க. நாக்குல வெச்சுப் பாருங்க. கண்ணீர் அளவுக்குக் கரிச்சா போதும்" என்றேன். படித்த பாடத்திலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்த நாக்குகளை எனக்குத் தெரியும். விடிகாலையிலிருந்து உப்புத் தூசியும் வியர்வையும் நக்கிய நாக்குகள். அமுதவல்லி வீட்டில் ஒரு தடவை சாப்பிட உட்கார்ந்து, குழம்பு உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாமல் நான் விழித்தபோது, "சப்புனு இருக்குதா நர்சம்மா?" என்று கேட்டு அவள் இன்னும் கொஞ்சம் உப்பு அள்ளிப் போட்டாள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

பத்து நாளில் யாழினிக்குப் பேதி. ஒன்றரை வயசு. அமுதவல்லி செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, சர்க்கரை போட்டு, பாத்தியிலிருந்து கொண்டுவந்த கல் உப்பைக் கையால் அள்ளிப் போட்டு, நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டுப் புகட்டினாள். மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்துபோனது.

அங்கிருந்த டாக்டர் எனக்குப் போன் செய்தார். "ரத்தத்துல உப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன குடுத்தாங்க?"

"தெரியலைங்க சார்" என்றேன்.

அடக்கம் முடிந்து அமுதவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கக் கேக்கக் குடுத்தேன் நர்சம்மா. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல. இன்னும் ரெண்டு டம்ளர் குடுத்திருந்தா பொழச்சிருக்கும் இல்ல?"

"நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டம்மா" என்றேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தப்பு செய்தவள் நான், தண்ணீருக்குத் தவித்தது அந்தக் குழந்தை. மகலனாபிஸின் ஆட்கள் உப்பைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி முகாமுக்கு அனுப்பினார்கள் என்பதை அன்று ராத்திரிதான் நினைத்துப் பார்த்தேன்.

அப்போதே எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அமுதவல்லிக்கும் தெரிந்துவிடும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

நாலாவது வாரம் விருத்தாம்பாளின் பேரனுக்குப் பேதி என்று தகவல் வந்தது. இந்தத் தடவை பை நிறையப் பாக்கெட்டோடு ஓடினேன். உள்ளே அமுதவல்லி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விருத்தாம்பாளும் செம்பு நிறையத் தண்ணீரும்.

"எம்பொண்ணுக்குத்தான் கம்மியா குடுத்துட்டேன் நர்சம்மா. இவனுக்காவது நெறைய குடுக்கலாம்னு நானே கலக்கினேன். இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்."

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர். செம்பை எடுத்து வாசலில் கொட்டினேன்.

"ஏன் கொட்டுறீங்க?"

வேறு தண்ணீரை அளந்து ஊற்றி, பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கி ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள்.

"இதுல உப்பே இல்லியே."

"இவ்ளோதான் அமுதா. இதுக்கு மேல போனா குழந்தைக்கு விஷம்."

அவள் வாசலில் தேங்கிய ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு ண்ணி, ண்ணின்னு கத்துச்சு நர்சம்மா. நான் அதையேதான குடுத்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே."

மடியில் கிடந்த பையன் டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினான். அமுதவல்லி அவனைத் தூக்கி விருத்தாம்பாளிடம் கொடுத்தாள்.

"நீங்க குடுங்க. என் கையால வேணாம்."