வார்டன் நம்பருக்குப் போன செய்தி

மத்திகிரியில் என் மெடிக்கல் கடைக்குப் பதினோரு வயது. இத்தனை வருடத்தில் யாருக்கும் மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. இந்த வினோதா கைபட்டால் தப்பு நடக்காது என்று நானே சொல்லிக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

தமிழ்செல்விக்கும் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தேன். தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை, அடுத்த தெரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். முதல் தடவை, கடையில் கூட்டம் கலையும்வரை நின்றிருந்து சீட்டை நீட்டினாள். வலிப்பு மாத்திரை. நாலு வருடமாக ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லையாம். ஆனாலும் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றாள். என் வாயிலிருந்து வராது என்று சொன்னேன். வாயிலிருந்து வரவும் இல்லை.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஹாஸ்டல் பெண்கள் எல்லாருமே, எதை வரவழைத்தாலும் வார்டன் ராசாத்தியின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். ஒரு மாதம் தமிழ்செல்விக்கு ஓவர்டைம், கடைக்கு வர முடியவில்லை. மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி ஒட்டி நானே ஹாஸ்டலில் கொடுத்துவிட்டு வந்தேன். வார்டன் நம்பரை அவள் பெயருக்கு நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் புது வசதி வந்தது. மாத்திரை தீருமுன் தானாகவே வாட்ஸ்அப் போகும். அனுப்பலாமா என்று யாரையும் கேட்கவில்லை. நல்லதுக்குத்தானே, இதற்கென்ன கேட்பது? இங்கிலீஷில் இருந்தால் யாருக்குப் புரியும் என்று நானே உட்கார்ந்து தமிழில் மாற்றினேன். 'தமிழ்செல்வி, உங்கள் வலிப்பு மாத்திரை மூன்று நாளில் தீர்ந்துவிடும். மறக்காமல் வாங்கவும்.'

செவ்வாய்க்கிழமை காலை ராசாத்தி கடைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான்.

"நல்லவேளை மெசேஜ் போட்டீங்க மேடம். பிட்ஸ் வர்ற புள்ளைய மெஷின்ல நிக்க வெச்சிருக்கானுங்க. சூப்பர்வைசருக்கு அப்பவே அனுப்பிட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதானே உருளும்? இன்னும் யாராச்சும் இந்த மாதிரி வாங்குதுங்களா?"

"இல்லை" என்றேன். இரண்டு பேர் இருந்தார்கள்.

அவர் போனபின் இருமல் மருந்துகளை அடுக்கினேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மத்தியானம் தமிழ்செல்வி பையோடு வந்தாள். கம்பெனியில் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாத மாத்திரை கேட்டாள். சீட்டு அதற்கு இடம் கொடுத்தது, எடுத்து வைத்தேன்.

"ஊர்ல வாங்க முடியாதுக்கா. அங்க மெடிக்கல் வச்சிருக்கது எங்க சித்தப்பா."

"தீர்றப்ப கூரியர்ல அனுப்பறம்மா. உன் நம்பரக் குடு."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னை. நம்பர் சொல்லவில்லை.

"என் தப்புதாம்மா. நாலு வருஷமா வரலைன்னு டாக்டர் எழுதின சீட்டு இருக்குதே. நான் கம்பெனிக்கு வந்து பேசட்டுமா?"

"வேண்டாம்க்கா" என்றாள். "நீங்க பேசுனா இன்னும் நாலு பேருக்குத் தெரியும்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.