எலும்புக்குப் போட்ட ஊசி

அம்மா தையல்காரி. நாற்பது வருஷம் நூலைப் பல்லால் கடித்தே அறுத்தவள். கத்தரிக்கோல் அதுபாட்டுக்கு மடியில் கிடக்கும். முன்பற்கள் நான்கும் போனபிறகு கழற்றி மாட்டும் பல்செட் வைத்துக்கொண்டாள். ஒருமுறை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அது நழுவி வாடிக்கையாளரின் தோளில் விழுந்தது. அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் அளவுகளைத் துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள். வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது.

"ஸ்க்ரூ போட்டு நிலையா பல் வைக்கிறாங்களாமே. அத வெச்சு விடுடி எனக்கு." என்னிடம் எதையுமே கேட்காதவள் கேட்டாள்.

பல் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். தாடை எலும்பு தேய்ந்திருந்தது. முதலில் ஈறைக் கீறி எலும்புத்தூள் வைக்க வேண்டும். அது பிடித்துக்கொள்ள சில மாதங்கள். பிறகுதான் ஸ்க்ரூ, அதன்மேல் பல். படிவத்தை நான் நிரப்பினேன். மருந்துகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அம்மா மாத்திரை எதுவும் விழுங்குவதில்லை.

எலும்புத்தூள் வைக்கும் நாளன்று, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"எலும்பு ரொம்ப மெலிசா இருக்கு. முன்னாடியே கவனிச்சிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "கவனிக்காம இல்ல டாக்டர். முதுகெலும்பு தேயுதுன்னு ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. மூணு வருஷமா ஒண்ணுகூட விட்டதில்ல. நானேதான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகம் மாறியது. "படிவத்துல எழுதலையே?"

"அது எலும்புக்கு நல்லதுதானே..."

"அந்த ஊசி போட்டுக்கறவங்களுக்குத் தாடையில கைவச்சா, புண்ணு ஆறாம எலும்பே அழுகிப்போகலாம். இன்னைக்கு நான் தொடமாட்டேன்."

"ஊசிய நிறுத்திட்டா?"

"நிறுத்தினா முதுகெலும்பு நொறுங்கலாம். எலும்பு டாக்டர்கிட்ட பேசறேன். ஆனா ஆசை காட்ட விரும்பலம்மா."

நல்ல மகள் என்று காட்டிக்கொள்ள நான் வாயைத் திறந்திருக்காவிட்டால், இந்நேரம் கீறியிருப்பார். தப்பித்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஏன் சொன்னேன் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உள்ளே போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா, மரத்த உதட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சங்கூட வலிக்கலடி," என்றாள் குழறலாக. "முடிஞ்சிடுச்சா? இதுக்கா நீ ராத்திரியெல்லாம் தூங்காம புரண்டே, பயந்தாங்கொள்ளி!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு இத்தனை வார்த்தைகள். நர்ஸ் என்னையே பார்த்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"மெதுவா எழுந்திரும்மா."

அவ்வளவுதான் வந்தது.