குடுவைக் கிழங்கு

நாகேந்திரன் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். நகரி மலைகளில் மழைக்கு முளைத்து, பூத்து, பனி முடிவதற்குள் காய்ந்துபோகும் ஒரு சிறு கொடிச் சாதியின்மேல் அவருக்குப் பித்து என்றே சொல்ல வேண்டும். செரோபீஜியா என்பது அந்தப் பேரினத்தின் பெயர். பூ விரல் நீளம்கூட இருக்காது. அடியில் குடுவைபோல உப்பி, நடுவில் குழலாக ஒடுங்கி, மேலே ஐந்து இதழ்களும் நுனியில் கூடிக் கூண்டுபோல நிற்கும். பொடி ஈக்கள் அதற்குள் இறங்கி உள்மயிர்களில் மாட்டிக்கொண்டு, பூ வாடத் தொடங்கிய பிறகுதான் வெளியே வரும். சித்தூர் ஜில்லாவில் இதில் எத்தனை வகை, எது எதிலிருந்து வேறு என்று பிரித்து எழுத வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளும் தசரா லீவும் அதிலேயே போயின. அவர் மனைவி தாட்சாயணி, வீட்டில் உப்புப் புளி தவிர மற்றதெல்லாம் செய்தித்தாளில் மடித்த செடிதான் என்று வருகிறவர்களிடம் சொல்வாள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே கல்லேரிமேடு என்று ஒரு சின்ன ஊர். அதற்கு மேலே இருந்த குன்றின் வடக்குச் சரிவில்தான் நாகேந்திரன் அந்தக் கொடியைக் கண்டார். குழலின் உள்பக்கம் கருஞ்சிவப்பு. இதழ் நுனிகள் ஒட்டாமல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நின்றன. அவர் பார்த்த எந்த வகையிலும் அப்படி இல்லை. சுற்றியிருந்த குன்றுகளில் எல்லாம் ஏறிப் பார்த்தார். வேறெங்கும் அது கிடைக்கவில்லை.

அந்தக் குன்றுக்குப் போகிறபோதெல்லாம் அவர் இறங்குமிடம் பொன்னியம்மாவின் குடிசை. அவளும் புருஷன் பாலையாவும் நிலமில்லாதவர்கள், கூலிக்குப் போய்ப் பிழைப்பவர்கள். முதல் நாள் வெயிலில் மயங்கி உட்கார்ந்துவிட்ட நாகேந்திரனுக்கு அவள்தான் கூழ் கரைத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் தயங்கினாள், தங்கள் வீட்டில் அவர் குடிப்பாரா என்று. அவர் வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அதிலிருந்து அவர்களுக்குள் தயக்கம் இல்லை. அவர்களுடைய மகள் அம்சவேணிக்கு நாலு வயதிருக்கும். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தால் மடியில் வந்து ஏறிக்கொள்வாள், பூவுக்குள் இருக்கும் ஈயைக் காட்டச் சொல்லி.

ஊரில் அந்தக் கொடியைக் குடுவைக் கிழங்கு என்றார்கள். பூமிக்குள் சின்ன உருண்டையாகக் கிழங்கு இருக்கும். கோடையில் வேலை இல்லாத நாட்களில் தோண்டி அவித்துத் தின்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் பச்சையாகவே கடிப்பார்கள். அடுத்த மழைக்கு நாகேந்திரன் போனபோது சரிவில் பாதி இடம் வெறும் குழியாக இருந்தது. அவர் ஊராரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ஆனால் வேற்றூர் ஆட்டுக்காரர்களுக்கு யார் சொல்வது?

வன இலாகாவில் அவரோடு படித்த ஒருவர் அதிகாரியாக இருந்தார். நாகேந்திரன் இரண்டு மூன்று தடவை நடந்து, அந்தச் சரிவில் யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது என்று ஒரு தடை உத்தரவு வாங்கினார். காவலுக்குக் கன்னையா என்ற பாரஸ்ட் கார்டு வந்தான். அவனுக்கு அது புது வேலை. அன்றிரவு நாகேந்திரன் தாட்சாயணியிடம், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செடியைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னார். 

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. கோடையில் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. நாகேந்திரன் திருப்பதியில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நகரிப் பக்கம் பஞ்சம் என்று பத்திரிகையில் படித்தார். இத்தனை வறட்சியில் கிழங்கு மண்ணுக்குள் தாங்குமா என்று கவலைப்பட்டார். அந்தக் கவலையில் சில நாள் தூக்கம்கூட வரவில்லை.

ஆடியில் நல்ல மழை இறங்கியது. ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நேராகக் குன்றில் ஏறினார். சரிவு முழுக்கக் கொடி. பழைய குழிகளில்கூட விதை விழுந்து முளைத்திருந்தது. புல்லுக்குள் குனிந்த இடமெல்லாம் கருஞ்சிவப்புப் பூ. அவர் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது வாய்க்குள் பாட்டு முனகிக்கொண்டு வந்தார்.

பொன்னியம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வாங்க சாரு, குந்துங்க என்று முறத்தைத் தள்ளி இடம் விட்டாள். இளைத்துப் போயிருந்தாள். நாகேந்திரன் பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, அம்சவேணி எங்கே என்று கேட்டார்.

“அவ வெயில்காலத்துலயே பூட்டா, சாரு.”

பஞ்சத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். எந்த ஊருக்கு என்று கேட்டார்.

“ஊருக்கு இல்ல. செத்துப் பூட்டா.”

அவர் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அவள் கோடரியை ஓரமாகச் சாய்த்துவிட்டுச் சொன்னாள். வேலை ஒன்றுமில்லாமல் பாலையா ரேணிகுண்டாவுக்கு ரயில்வே கூலிக்குப் போனான். பக்கத்து ஊரில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். கல்லேரிமேட்டுக்கு இல்லை. இந்த ஊர் மெட்ராஸுக்குப் போகப்போகிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று ஒரு ஆபீசில் சொன்னார்களாம். அங்கே போனவர்களிடம், இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை, வந்த பிறகு பார்ப்போம் என்றார்களாம். போய்வந்தவர்கள் நடந்த நடைக்கே காய்ச்சலில் விழுந்தார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நின்ற பிறகும் தேறவில்லை. கொடுக்க வீட்டில் எதுவும் இல்லை.

 பிறகு குன்றைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல் சொன்னாள்.

“கெழங்கு தோண்டலாம்னு மலைக்குப் போனேன். கன்னையா உடல. கடப்பாரையப் புடுங்கி வச்சிக்கினான். திருப்பதி சாரு வாங்கின ஆர்டரு, தொட்டா கேசுன்னான். சாரு இங்க இருந்தா தோண்டிக்கோன்னு சொல்லுவாரு, அவருக்கு என்னை நல்லாத் தெரியும்னு சொன்னேன். அவன் கேக்கல. அவன் மேல தப்பு இல்ல, அவனுக்கு வேல பூடும்.”

 கிழங்கு குழந்தையை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நாகேந்திரனின் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அந்தக் கணக்கைப் போடுகிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் மனதில் ஓடியதைப் புரிந்துகொண்டவள்போல அவளே சொன்னாள்.

“அது இருந்திருந்தாலும் புள்ள பொழச்சிருக்குமோ இன்னாவோ. அது எனக்குத் தெரியல, சாரு. ஆனா அன்னிக்கு அடுப்பு எரிஞ்சிருக்கும்.”

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க இருந்தா உட்டிருப்பீங்க, இல்ல சாரு?”

“விட்டிருப்பேன், பொன்னியம்மா.”

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதைக் கன்னையாவிடம் சொல்வேன் என்றாள். நாகேந்திரன் எழுந்து, அந்த இடம் எங்கே என்று கேட்டார். ஏரிக்கரைக்குக் கீழே ஆவாரம் புதர்களுக்கு நடுவே ஒரு சின்ன மண்மேட்டை அவள் காட்டினாள். மழையில் கரைந்து பாதியாகியிருந்தது. அவர் கீழே கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுற்றிலும் வைத்தார். அவளும் வைத்தாள். 

திருப்பதி பஸ்ஸில் வரும்போது அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கோடையில், தோண்டலாமா என்று யாராவது ஆள் விட்டுக் கேட்டிருந்தால் உடனே சரி என்று சொல்லியிருப்பாரா? அல்லது கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பாரா, அரிசி அனுப்புகிறேன், கிழங்கைத் தொடாதீர்கள் என்று? பொன்னியம்மாவிடம் சொன்னது நிஜமா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

தசரா லீவில் அவர் அந்த வன இலாகா அதிகாரியிடம் போனார். பஞ்சம் வந்தால் ஊர்க்காரர்கள் மட்டும் தோண்டலாம் என்று உத்தரவைத் திருத்தித் தரும்படி கேட்டார். அதிகாரி வியந்துபோனார். அன்றைக்குக் கெஞ்சி வாங்கியது நீதானே என்றார். குன்றின் காகிதங்கள் எல்லாம் மெட்ராஸுக்குக் கட்டி வைத்தாயிற்று, இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று கை விரித்தார். ஏப்ரலில் கல்லேரிமேடு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. தடையும் அப்படியே போய்ச் சேர்ந்தது.

கொடியைப் பற்றி நாகேந்திரன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. புது வகை என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கல்லூரியில் தேநீர் விருந்து வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவரை, சாப்பிட வாங்க என்று தாட்சாயணி கூப்பிட்டாள். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். அவளுக்கு விஷயம் தெரியும். சோற்றை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஆவணியில் அவர் கடைசி முறையாகக் கல்லேரிமேட்டுக்குப் போனார். பொன்னியம்மாவின் குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் புருஷனிடம் ரேணிகுண்டாவுக்கே போய்விட்டாள் என்றார்கள். குன்றில் கன்னையா சல்யூட் அடித்தான். ஒரு கிழங்குகூடப் போகவில்லை என்று பெருமையாகச் சொன்னான்.

“இனிமே யாராவது பசின்னு வந்தா விட்டுடு, கன்னையா.”

கன்னையா சங்கடத்தோடு நின்றான். பொன்னியம்மாவும் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள் என்றான்.

“எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார். வாய் வார்த்தைக்கு நான் விட்டா, என் வேலை போயிடும்.”

எழுதிக் கொடுக்கும் அதிகாரம் நாகேந்திரனுக்கு எந்த ராஜ்யத்திலும் இல்லை. அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். கொடிகளை மிதிக்காமல் ஓரமாகவே கால் வைத்து இறங்கினார்.