வாய் திறக்காத அடக்கம்

படுக்கையில் கிடந்தபடியே அன்னிஸ் கரண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அம்புரோஸ் இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"விடுடி. கஞ்சி கொட்டுது."

"இந்த மக்காச்சோளக் கஞ்சியோட மேலோகம் போனா உள்ள விடமாட்டாங்க." துப்பிவிட்டுச் சொன்னாள். "கப்பல்ல ஏத்தும்போது கோதுமை ரொட்டின்னு சொன்னியே, எங்கய்யா?"

அவன் அவள் தாடையைத் துடைத்துவிட்டான். அடுப்பருகே மகள் ஜோன் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மாவின் காய்ச்சல் இறங்கவே இல்லை.

"நான் கேட்டது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன கேட்டேன், சொல்லு."

"மண்ணு போடறப்ப, நம்ம ஊர்ல பாதிரியார் சொல்ற வார்த்தையைச் சொல்லணும்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

"நீயா? நாள் பூரா மரம் அறுத்தாலும் ஒரு வார்த்தை வராத ஆளு." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

இந்தக் குடியேற்றத்தில் பிணத்துக்கு ஜெபம் கிடையாது. அது இங்கிலாந்தில் விட்டுவந்த பாவம் என்று சபை மூப்பர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மணி அடிக்கும். ஊர் பின்னால் நடக்கும். குழியைச் சுற்றி வாயை மூடிக்கொண்டு நிற்கும். மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பும். போன வருடம் பீப்பாய் செய்கிறவன் ஒருவன் தாயின் குழிமேல் பழைய ஜெபத்தைச் சொன்னான். பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் அவனைப் பெண்டு பிள்ளைகளோடு எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எவனும் விசாரிக்கவில்லை. ஜெபத்தைக் கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னவன் மட்டும் நன்றாக இருக்கிறான்.

அம்புரோஸ் அவளிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அந்த வார்த்தைகள் அவனுக்குத் தெரியாது. பழைய ஊரில் எத்தனையோ அடக்கத்துக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். மண்ணைப் பற்றி ஏதோ வரும், சாம்பலைப் பற்றி ஏதோ வரும். அவ்வளவுதான் காதில் தங்கியது.

மத்தியானம் அன்னிஸ் போய்விட்டாள். கொட்டகைக்கு அறுத்து வைத்திருந்த பலகையில் பெட்டி செய்தான். ஆணி நேராக இறங்கியது. அதை அவன் கவனித்தான்.

மறுநாள் குழியருகே மூப்பர் விட்லாக் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். அவர் பிணத்துக்காக வரவில்லை. அன்னிஸ் சாகுமுன் புருஷனிடம் எதைக் கேட்டாள் என்பது ஊருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவர் கண் அம்புரோஸின் வாய்மேலேயே இருந்தது.

பெட்டி இறங்கியது. பக்கத்து வீட்டு டிக்கன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.

"மாமா, தள்ளட்டுமா?"

ஜோன் அப்பாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். தூரத்தில் கடல் இரைந்தது.

"தள்ளு," என்றான். பிறகு, "நல்லா மிதிங்க. ஓநாய் தோண்டும்."

ஜோன் தலையைக் குனிந்துகொண்டாள்.

மண் விழுந்தது. டிக்கனும் இன்னும் இரண்டு பேரும் ஏறி மிதித்தார்கள். அம்புரோஸும் ஏறினான். கால்மாட்டில் தொடங்கி இடுப்புவரை மிதித்துக்கொண்டே வந்தான். அதற்குமேல் அவன் கால் எழவில்லை.

"எல்லாம் இறங்குங்கடா. மீதிய நான் பாத்துக்கறேன்."

இறங்கினார்கள். அவன் தலைமாட்டில் முழங்கால் போட்டான்.

"அம்புரோஸ்!" மூப்பரின் குரல் உயர்ந்தது. "என்ன பண்றே?"

"மண்ணை இறுக்குறேன், ஐயா."

"முழங்கால் போட்டா?"

"கையால தட்டணும்னா குனிஞ்சுதானே ஆகணும்."

"தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"நீங்களே பாத்துட்டுத்தானே இருக்கீங்க."

மூப்பர் போகவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. டிக்கன் ஜோனைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் நகரவில்லை. காற்று குளிர்ந்தது. மூப்பர் மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் அருகில் வந்து, குனிந்து அவன் உதட்டைப் பார்த்தார்.

உதடு மூடியிருந்தது. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக, உறங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.