இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மூன்று மணிக்கு, எங்கள் ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றி ஆலங்குடி தாலுகா ஆபீசில் விசாரணை. பதினொன்றரை ஆகியும் நூலகர் நிலவழகன் உள்ளூர் வரலாற்று அலமாரியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர்."

"உக்காரவா வந்தேன்? ஆலங்குடி பஸ்ஸப் பிடிக்கணுங்க."

ஒருவழியாக எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்தது. கண்மாயை வெட்டியவர், பக்கம் 211. கண்மாயின் நான்கெல்லை, பக்கம் 212. பொருளடக்கம் அப்படித்தான் சொன்னது. விசாரணையில் காட்ட எனக்கு வேண்டியது 212. புரட்டினால் 210-க்கு அடுத்து 213. நடுவிலிருந்த தாளை யாரோ பிளேடால் அறுத்தெடுத்திருந்தார்கள்.

"இதப் பாத்துக்கத்தானே சம்பளம் வாங்குறீங்க?" என்று கத்திவிட்டேன்.

நிலவழகன் பழைய பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அந்தப் புத்தகத்தை எனக்குமுன் ஒரே ஒருவர்தான் வாங்கிப் பார்த்திருக்கிறார். என் மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் இருந்த அதே கையெழுத்து. செத்துப்போன என் அப்பா.

வீட்டுக்கு ஓடினேன். சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த சட்டத்தை இறக்கினேன். கண்மாய் வெட்டிய எங்கள் பூட்டனைப் பற்றிய அச்சுத்தாள். அப்பா எங்கோ அச்சடித்து வாங்கியது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூலையில் இருந்த சந்தனப் பொட்டைத் துடைத்தேன். 211.

ஆணிகளைப் பிடுங்கித் தாளைத் திருப்பப் பார்த்தேன். சுருங்கக் கூடாதென்று அப்பா பின்பக்கம் முழுக்க மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருந்தார்.